ஜாடிக்கு வலப்பக்கம்

எங்கள் வீட்டில் பூவுக்கு மூன்று இடங்கள்தான். சாமி படம், பெண்கள் தலை, பிணத்தின் மார்பு. நான்காவதாக ஒரு மேஜை மேல் ஜாடியில் வைத்து, சும்மா உட்கார்ந்து அதைப் பார்ப்பது என்பது எங்கள் அப்பாவுக்கு விளங்காத சங்கதி. 1981 டிசம்பரில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"யாருக்கு வாங்கின பூ இது?" என்று தினமும் கேட்பார். மில்லில் முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவர். அவருக்குக் காது மந்தம். அதனால் அவர் பேசுவது தெருவுக்கே கேட்கும். "யாருக்கும் இல்லப்பா, பார்க்கறதுக்கு" என்று நானும் கத்துவேன். உப்பளம் பேட்டையில் எங்கள் தெருவுக்கு அந்த மாதம் முழுக்க இதுதான் செய்தி. ராஜாங்கத்தோட பெரிய பொண்ணு பூ வாங்கி உட்கார்ந்து பார்க்குதாம்.

நான் கமலவேணி. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் என் வாய் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் அம்மா செத்தபோது என் தங்கை அமிர்தவல்லிக்கு எட்டு வயது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பதினைந்து வருஷமாக நான் பிள்ளைகளுக்கு 'ஜாடியும் பூவும்' சொல்லிக்கொடுத்து வந்தேன். நடுவில் ஒரு பெரிய பூ, பக்கத்துக்கு இரண்டு, இடைவெளி தெரிந்தால் ஒரு இலை. இதில் பெயிலான பெண் ஒருத்தி கிடையாது. நான் அதைக் கற்றுக்கொண்டது காலண்டரைப் பார்த்து. காலண்டர் வரைந்தவன் வேறொரு காலண்டரைப் பார்த்திருப்பான். அந்தப் பூ எந்தச் செடியிலும் பூக்காது. டாலியாவுக்கும் ரோஜாவுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இருக்கவில்லை, அந்தப் புத்தகத்தைப் பார்க்கிற வரைக்கும்.

அது ஒரு பெரிய பிரெஞ்சுப் புத்தகம். நூலகத்தில் அடித்தட்டில் கிடந்தது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது பதினோரு வயது வரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் படத்துக்குக் கீழே இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். முந்நூறு, நானூறு வருஷங்களுக்கு முன்னால் ஹாலந்து தேசத்துக்காரர்கள் வரைந்த பூ ஜாடிகள். இந்த வகைப் படத்துக்குப் பிரெஞ்சில் நத்யூர் மோர்த் என்று பெயர், அதாவது செத்த இயற்கை. பூவைப் போய்ச் செத்தது என்பார்களா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. படங்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் போய்விட்டது.

வசந்தத்தில் பூக்கிற பூவும் குளிர்காலம் வரும்போது பூக்கிற பூவும் ஒரே ஜாடியில் நின்றன. அப்படி ஒரு ஜாடியை உலகத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. ஒரு பூ பூக்கிற மாதம் வரும் வரை படத்தில் அதற்கு இடம் விட்டுக் காத்திருந்து, வந்ததும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஒவ்வொரு படத்திலும் மேஜை மேல் ஓர் இதழாவது உதிர்ந்து கிடந்தது. ஓர் இலையில் புழு தின்ற ஓட்டை. வாடப்போகிறது என்று தெரிந்தே வரைந்திருக்கிறார்கள். நம் காலண்டரில் எந்தப் பூவும் வாடியதில்லை. வாடியதை நாம் கையில் எடுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்.

நானும் வரைவது என்று தீர்மானித்தேன். பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பம் கழித்துப்போட்ட நீலக் கண்ணாடி ஜாடி எங்களிடம் இருந்தது. டிசம்பர் பூவை மார்கழியில் வரைந்தேன். சாமந்தியைத் தையில், பன்னீர் ரோஜாவை மாசியில். குண்டுமல்லிக்கு இடம் விட்டுப் பங்குனி வரை காத்திருந்தேன். சம்பங்கி எப்போதும் கிடைக்கும் என்பதால் அதை நடுவில் நிறையப் போட்டேன். காலையில் ஆறிலிருந்து எட்டு வரைதான் நேரம். அதற்குமேல் வெயிலும் வரும், பள்ளிக்கூட மணியும் அடிக்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் ஒரு சம்பங்கிப் பூ மேஜையில் விழுந்தது. கூட்டிக்கொண்டிருந்த அமிர்தம் அதை எடுக்கக் கை நீட்டினாள். "தொட்ட, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். அது குப்புற விழுந்து, ஓரம் பழுப்பேறி, நாளுக்கு நாள் சுருங்கியது. மூன்று நாள் அதை மட்டும் வரைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. படம் முடிந்ததும் கூடத்துச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

சித்திரையில் அமிர்தத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜானகிராமன், கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, அம்மா தில்லையம்மாள் மகனோடு கோரிமேட்டில் இருந்தார்.

அமிர்தம் முந்தின நாளே கேட்டாள். "அக்கா, நாளைக்கு ஒருநாள் அந்தப் படத்தைக் கழட்டி உள்ள வெச்சுடேன்."

"ஏன், அது இன்னா பண்ணுச்சு?"

"பூ விழுந்து கெடக்குது. வர்றவங்க எதாவது நெனச்சுக்குவாங்க."

"நெனச்சுக்கட்டும். பூன்னா உதிரும். உதிராத பூதான் வேணும்னா பிளாஸ்டிக்ல வாங்கி வெச்சுக்கச் சொல்லு."

அவள் உள்ளே போய்விட்டாள். ஆணியிலிருந்து ஒரு படத்தை எடுத்து உள்ளே வைப்பது ஒரு நிமிஷ வேலை. செய்யவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். ஜானகிராமன் அமிர்தத்தை இரண்டு தடவை நன்றாகவே பார்த்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. தில்லையம்மாள் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் சுவரைப் பார்த்து அப்படியே நிறுத்தினார்.

"ஏம்மா, நல்ல காரியம் பேசற வீட்டுல பூ உதிர்ந்த படத்தை நடுவுல மாட்டி வெச்சிருக்கீங்களே."

"இன்னா சொல்றாங்க?" என்று அப்பா கத்தினார். ஜானகிராமன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கண்ணால பார்த்ததை வரைஞ்சேங்க" என்றேன். "பூ விழுந்துச்சு, விழுந்த மாதிரியே இருக்குது. நான் பார்க்காத ஒண்ணுகூட அந்தப் படத்துல இல்ல."

தில்லையம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாதிக் காபியோடு கீழே வைத்த டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் ஏழு பேர் வந்துபோயிருந்தார்கள்.

அப்போது உள் கதவருகே நின்ற அமிர்தம் வாயைத் திறந்தாள். "அது உத்தரவுப் பூ, அத்தை."

அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூவை ஒட்டிவைத்து, ஒரு காரியத்தை மனசில் நினைத்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். இடப்பக்கம் விழுந்தால் பேச்சை அதோடு விட்டுவிடுவார்கள்.

"உங்க எடத்துலேர்ந்து ஜாதகம் வந்ததும் போய்ப் பூ கேட்டோம்" என்றாள் அமிர்தம், கண் இமைக்காமல். "வலப்பக்கம் விழுந்துச்சு. அக்கா அதை ஞாபகம் வெச்சு ஜாடியோட சேர்த்து வரைஞ்சிருக்கு. அதுக்குச் சொல்லத் தெரியல."

பூ விழுந்தது தை மாதம். இவர்கள் ஜாதகம் வந்தது பங்குனிக் கடைசியில். இந்தப் பெண் கோயில் பக்கம் போய் எத்தனை காலமாயிற்று என்று எனக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

தில்லையம்மாள் எழுந்து படத்தருகே போனார். "பூ இந்தப் பக்கமில்ல கெடக்குது. இது நமக்கு எடது கை."

"சாமி நம்மளப் பார்த்துதானே நிக்கும்" என்றாள் அமிர்தம்.

தில்லையம்மாள் யோசித்தார். பிறகு படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எங்களைப் பார்த்து நின்று, தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கை சரியாக விழுந்த பூவின் பக்கம் இருந்தது. "ஆமா, ஜாடிக்கு வலப்பக்கம்தான்" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து ஆறிப்போன காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எழுந்து கிளம்பும்போது ஒன்று சொன்னார். "உத்தரவு குடுத்த பூ. படம் பொண்ணோட எங்க வீட்டுக்கு வந்துடணும்."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் நான் ஆரம்பித்தேன். நாலு மாதம் விடிகாலையில் எழுந்து வரைந்ததைச் சாமி படமாக்கி விட்டாயே, பூவைப் பூவாகப் பார்க்க இந்த ஊரில் ஒரு ஆள்கூடக் கிடையாதா என்று கத்தினேன்.

அமிர்தம் கேசரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "எனக்கு இருபத்தொம்பது வயசுக்கா. அவரு என்னைப் பார்த்ததை நீயும் பார்த்த. உன் படத்துல ஒரு பூ விழுந்ததுக்காக எட்டாவது ஆளும் எழுந்து போவணுமா?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. படத்தைப் பழைய போர்வையில் சுற்றி, நானே கோரிமேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. டிராயிங் ஆசிரியர்களுக்கு ஓவியக் கண்காட்சி. ஓர் ஆளுக்கு ஒரு படம். விண்ணப்பத்தின் அடியில் ஓர் உறுதிமொழி இருந்தது: 'இந்தப் படம் எதையும் நகலெடுக்காமல், நான் நேரில் கண்டு வரைந்தது.' அதற்குக் கீழே கையெழுத்து. திங்கட்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

எனக்கு நாற்பது வயது முடிந்திருந்தது. டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். ஓவியம் வரைகிறவள் என்று ஒரே ஒரு தடவை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவு ஆசை இருப்பது அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கும் வரை எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு வரைந்த இரண்டு படமும் தேறவில்லை. கொடுப்பதற்கு இருந்தது அந்த ஒரு படம்தான். சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டத்தோடு நெருக்கியடித்துக் கோரிமேடு பஸ்ஸில் ஏறினேன்.

அமிர்தத்துக்கு ஏழாவது மாதம். கதவைத் திறந்தவள் முகம் பூரித்திருந்தது. உள்ளே முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் படம். ஜாடியின் மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். சட்டத்தைச் சுற்றி நிஜமான கதம்ப மாலை. நான் வரைந்த டிசம்பர் பூவை அது மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"படம் வேணும்" என்றேன். "கண்காட்சிக்கு."

அமிர்தத்தின் கை வயிற்றுக்குப் போனது. கும்பிட்டுக்கொண்டிருக்கிற படத்தைச் சுவரிலிருந்து எடுத்தால் ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் வந்திருந்தேன். அதுதான் என் அப்போதைய லட்சணம்.

தில்லையம்மாள் பூஜைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். "எடுத்துக்கினு போங்க டீச்சர். உங்களுது" என்றார். "அமிர்தம், அக்காவுக்குக் காபி போடும்மா." அவள் மெல்ல அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "அது உத்தரவுப் பூ இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"பின்ன எதுக்கு ஒத்துக்கிட்டீங்க, சம்பந்தியம்மா?"

"நான் வாயை விட்டுட்டேன். எம்புள்ளைக்கு உங்க தங்கச்சியப் புடிச்சிருந்திச்சு. எனக்கும்தான். சொன்னது சொன்னதுதான், கொட்டினதை எப்படி அள்ளறதுன்னு தவிச்சுக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு அள்ளிக் குடுத்துச்சு, வாங்கிக்கிட்டேன்."

"அப்ப இந்தக் குங்குமம்?"

"சொன்னது பொய்யா இருந்தா இன்னா? அதால எனக்கு மருமவ வந்தா. அது பொய்யில்லியே."

அதோடு விட்டிருந்தால் நான் படத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். ஆனால் விடாமல் கேட்பது என் குணம். "எப்படித் தெரிஞ்சுது?"

அவர் மாலையைக் கொஞ்சம் விலக்கினார். "ஊர்ல எங்க கொல்லையில முக்காவாசி சம்பங்கிதான். இருவது வருசமா பறிக்கறேன். இந்தப் படத்தை வரைஞ்சவங்க சம்பங்கிச் செடியவே பார்த்ததில்லன்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. பார்க்காத ஒண்ணுகூட இதுல இல்லன்னு நீங்க சொன்னீங்க. செடியையே பார்க்காம அப்படிச் சொல்றாங்களேன்னு நெனச்சேன். அதே மாதிரிதான் தங்கச்சியும் உத்தரவு வாங்கியிருக்கும்னு தோணிச்சு."

"இன்னா தப்பு இதுல?"

"ஒவ்வொரு பூவுக்கும் ஒரு காம்பு போட்டு, ரோஜா மாதிரி தனித்தனியா நிக்க வெச்சிருக்கீங்க. சம்பங்கி அப்படி இருக்காது டீச்சர். இடுப்பு ஒசரத்துக்கு ஒரே தண்டு. அதை ஒட்டி ரெண்டு ரெண்டா பூ. அடியிலேர்ந்து மேல மேல பூத்துக்கினு போவும்."

எனக்கு முகம் எரிந்தது. ரோஜாவும் சாமந்தியும் பள்ளித் தோட்டத்தில் உண்டு. சம்பங்கியை நான் பூக்காரியின் கூடையில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் கிள்ளிப் போட்ட பூவாகத்தான் கொடுப்பாள். மாலை கட்ட வேறென்ன வேண்டும்? ஜாடியில் நிற்கவில்லை என்று விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்தினேன். வரையும்போது ஈர்க்குக்குப் பதிலாகப் பச்சைக் காம்பு போட்டேன். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே காம்பு. விழுந்த பூவை மூன்று நாள் பார்த்தவளுக்கு நிற்கிற பூ எதில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த லட்சணத்தில் கண்ணால் பார்த்ததை வரைந்தேன் என்று சபையில் பேசி, தங்கை கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

காபியோடு வந்த அமிர்தம் கடைசிப் பேச்சைக் கேட்டிருந்தாள். "அதெல்லாம் அங்க யாருக்குக்கா தெரியும்? எல்லாரும் டவுன்காரங்க. எடுத்துக்கினு போய்க் குடு" என்றாள். பொய் சொல்கிறவள் என்று நான் இரண்டு வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த பெண். தன் பயத்தை ஒதுக்கிவிட்டு எனக்காகச் சொன்னாள்.

"இல்லம்மா, இங்கயே இருக்கட்டும்" என்றேன். மாலையைப் பழையபடி இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் விண்ணப்பம் வீட்டு மேஜை மேல் கிடந்தது. அமிர்தம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நடுவர்களில் யார் சம்பங்கிக் கொல்லையைப் பார்த்திருக்கப் போகிறார்கள்? திங்கள் காலையில் கோரிமேட்டுக்குப் போய்ப் படத்தை வாங்கி, மாலைக்குள் கொடுத்துவிடலாம். பேனாவை இரண்டு தடவை திறந்தேன். 'நேரில் கண்டு' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் தில்லையம்மாள் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கையைத் தூக்கிப் பார்த்தது கண் முன்னால் வந்தது. என் படத்தின் முன்னால் அவ்வளவு நேரம் நின்ற மனுஷி வேறு யாரும் இல்லை. அவருக்குத் தெரியும் என்பதே போதும், என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. பேனாவை மூடி, விண்ணப்பத்தைப் பையில் திணித்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அப்பா கேட்கவில்லை என்பது ஒரு வசதி.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வில்லியனூர் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தில்லையம்மாள் ஞாயிறு சாயங்காலமே பூப்பறிக்க ஊருக்குப் போய்விடுவார் என்று தெரியும். வழி கேட்டு நடந்து கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தில்லையம்மாள் "பாத்து, சேறு" என்று மட்டும் சொல்லி வரப்பில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

புல் மாதிரி இலை. அதன் நடுவிலிருந்து ஒரே தண்டு, இடுப்பு உயரம். அடியில் முந்தின நாட்களில் பறித்த இடத்தில் வடு வடுவாக இருந்தது. அதற்கு மேலே அன்றைக்குப் பறிக்க வேண்டிய பூ இரண்டு, அதற்கும் மேலே ரோஸ் நிறம் லேசாகத் தட்டிய மொட்டுகள், உச்சியில் பச்சை. போன வாரமும் இன்றைக்கும் வரப்போகிற நாட்களும் ஒரே தண்டில் வரிசையாக இருந்தன. இதற்குத்தான் அந்த ஹாலந்துக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாங்கள் இதைக் கிள்ளி, எடை போட்டு, பொட்டலம் கட்டி வாங்கிவந்துவிட்டோம்.

சாக்கில் உட்கார்ந்து ஒரு தண்டை அடியிலிருந்து மேலே வரைந்துகொண்டு போனேன். வடுக்கள் பதினாறு இருந்தன, எண்ணித்தான் போட்டேன். பறிக்க வந்த பெண் ஒருத்தி, கொளஞ்சி என்று கூப்பிட்டார்கள், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பூவையே காணோம்?"

"பூவை நாப்பது வருசமா பார்த்துக்கினு இருக்கேன்" என்றேன். "இதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

கொண்டுபோன ஒரே காகிதம் அத்தோடு நிறைந்துவிட்டது. வெயில் ஏற இன்னும் அரை மணி இருந்தது. பக்கத்துத் தண்டு கொஞ்சம் வளைந்து, வேறு மாதிரி நின்றது. பையைத் துழாவினேன். விண்ணப்பம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எதுவும் அச்சடிக்கவில்லை. முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது தண்டை அதில் வரைய ஆரம்பித்தேன்.